முதல் வருட என்.சி.சி.: கேளுங்கள், சொல்கிறேன்

என்.சி.சி. சேர்க்கை முடிந்ததுமே புது கேடட்களின் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஆர்மி விங்கில் மூன்று வருடம் இருந்து, கடைசி வருடம் சீனியர் அண்டர் ஆபீசராகப் பரேடை நடத்தியவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் திரும்புகிறேன். சமாளிக்க முடியுமா? (திருநெல்வேலி, பி.எஸ்சி.)

முடியும். இந்தி தெரியாமல் வந்து, மூன்றாம் வருடம் தானே கட்டளை கொடுத்தவர்கள் நம் ஊரில் ஏராளம். பரேடில் இந்தியில் வரும் இந்தக் கட்டளைகள் மேல் தமிழ்நாட்டில் பழைய சண்டையே உண்டு. 1968 ஜனவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறிய மொழிக்கொள்கைத் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளை எதிர்த்தும் ஒரு பகுதி இருந்தது. அதனால் உங்களுக்கு வரும் தடுமாற்றம் புதிதல்ல.

நடைமுறையில் முதல் வருடத்துக்குத் தேவைப்படுவது கொஞ்சம் சொற்கள்தான். சாவ்தான் (அசையாமல் நேராக நில்), விஷ்ராம் (இயல்பாக நில்), தாஹினே முட் (வலப்பக்கம் திரும்பு), பாயே முட் (இடப்பக்கம் திரும்பு), பீச்சே முட் (பின்பக்கம் திரும்பு), தேஜ் சல் (வேகமாக நட), கதம் தால் (நின்ற இடத்திலேயே காலடி போடு), தம் (நில்). இவற்றை வாய்விட்டுச் சொல்லி, அறையில் நின்றபடி செய்து பாருங்கள். கட்டளை இரண்டு துண்டாக வரும் என்பதைக் கவனியுங்கள். ‘தாஹினே’ என்று இழுப்பது உங்களைத் தயார்படுத்த. ‘முட்’ என்று வெட்டிச் சொல்லும்போதுதான் உடம்பு அசைய வேண்டும். புதியவர்கள் முதல் துண்டிலேயே திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துப் பெண்ணைப் பார்ப்பதை மட்டும் இன்றே விடுங்கள். அவள் தப்பாகத் திரும்பினால் நீங்களும் தப்பு. அதோடு, சாவ்தானில் கண் அசைவதே தப்பு.

கேள்வி: மார்ச் பண்ணும்போது வலது காலோடு வலது கையும் சேர்ந்து போகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். (ஈரோடு, பி.காம்.)

‘ஒரே கை ஒரே கால்’ எல்லா வருடமும் இரண்டு மூன்று பேருக்கு வரும். கையை நினைத்து நினைத்து வீசுவதால் வருகிறது. மைதானத்தில் தனியாகச் சாதாரணமாக நடந்து, நடையைக் குலைக்காமல் மெல்ல மெல்லக் கையை உயர்த்துங்கள். பரேட் வேகத்தைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். சிரிக்கிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

கேள்வி: வெயிலில் நின்று மயங்கி விழுந்துவிட்டேன். இனி பரேடுக்கு லாயக்கில்லையோ என்று பயமாக இருக்கிறது. (வேலூர், பி.ஏ.)

அப்படி இல்லவே இல்லை. அசையாமல் நெடுநேரம் நிற்கும்போது ரத்தம் காலிலேயே தேங்கி, தலைக்குப் போவது குறைகிறது. வெறும் வயிறும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் ஆள் சாய்ந்துவிடுவார். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். முட்டியை விறைத்துப் பூட்டாதீர்கள். பூட்ஸுக்குள்ளேயே கால்விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள், வெளியே யாருக்கும் தெரியாது. கண் இருட்டினால் கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு உட்காருங்கள். சாதாரணமாக நிற்கும்போதும் அடிக்கடி மயக்கம் வந்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: பூட்ஸ் கடித்துக் குதிகால் முழுக்கக் கொப்புளம். (சேலம்)

உடைக்காதீர்கள், பிளாஸ்திரி போட்டு மூடுங்கள். பரேட் இல்லாத மாலைகளில் தடித்த சாக்ஸோடு அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்குள் நடந்தால் பூட்ஸின் தோல் இளகும். அளவு சின்னதாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: சீனியர்கள் அவர்கள் யூனிஃபார்மைத் துவைக்கச் சொல்கிறார்கள். மறுத்தால் தவளைப் பாய்ச்சல். இதுவும் பயிற்சிதானா? (ஊர் வேண்டாம்)

இல்லை. இதை அழுத்தமாகச் சொல்கிறேன். சீனியரிடம் ‘ஜெய்ஹிந்த்’ சொல்வதும், பரேடில் அவர் கட்டளைக்குக் கீழ்ப்படிவதும் ஒழுங்கு. அவர் சட்டையைத் துவைப்பது அடிமை வேலை. மைதானத்தில் பயிற்சி கொடுப்பது பட்டாலியனிலிருந்து வரும் ராணுவப் பயிற்றுநர்களின் வேலை. கல்லூரியில் பொறுப்பு ஏ.என்.ஓ.வுக்கு, அதாவது என்.சி.சி.யைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியருக்கு. நேராக அவரிடம் போங்கள், தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள். அங்கே நடவடிக்கை இல்லையென்றால் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. காக்கி போட்டவர் செய்தாலும் அது ராகிங்தான். இந்த ஒரு காரணத்துக்காக என்.சி.சி.யை விட்டுப் போன நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும். நீங்கள் போகக் கூடாது.

கேள்வி: பத்து நாள் கேம்புக்கு அம்மா அனுப்ப மறுக்கிறார். (திருவாரூர், மாணவி)

ஏ.என்.ஓ.வின் போன் எண்ணை அம்மாவுக்குக் கொடுத்து நேரில் பேச வையுங்கள். மாணவிகளுக்குத் தங்குமிடம் தனி, கூடவே பெண் அதிகாரிகளும் பெண் பயிற்றுநர்களும் இருப்பார்கள். இந்த கேம்ப்தான் ஆண்டுப் பயிற்சி முகாம், இதற்குப் போகாமல் என்.சி.சி.யின் ‘பி’ சான்றிதழ் தேர்வு எழுத முடியாது என்பதையும் சொல்லுங்கள்.

விடியுமுன் விசில், பி.டி., டிரில், ஆயுதப் பயிற்சி, மேப் ரீடிங், விளையாட்டு, ராத்திரி ரோல்கால் என்று நாள் ஓடிவிடும். தட்டு, டம்ளர், போர்வை, கொசுவலை, வழக்கமான மாத்திரை, நாப்கின் எடுத்துக்கொள்ளுங்கள். நகை வேண்டாம். ஆஸ்துமாவோ வலிப்போ இருந்தால் மறைக்காதீர்கள். மாதவிடாய் நாளில் முடியவில்லையென்றால் பெண் அதிகாரியிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

கேள்வி: துப்பாக்கி சுடப் பயமாக இருக்கிறது. (கோவை)

முதலில் கொடுப்பது பாயின்ட் டூ டூ ரைஃபிள். தோளில் அதிர்ச்சி மிகக் குறைவு. படுத்த நிலையில் சுடுவீர்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, டிரிகரை இழுத்துப் பிடுங்காமல் மெல்ல அழுத்துங்கள். குண்டுகள் நடுவில் படாவிட்டாலும் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்தால் நல்ல குரூப்பிங், உங்கள் பிடி சரி என்று அர்த்தம். பயிற்றுநர் சொல்லாமல் ரைஃபிளைத் தொடாதீர்கள், முனையை ஆள் பக்கம் திருப்பவே கூடாது.

கேள்வி: ‘இதனால் என்ன வேலை கிடைக்கும்’ என்று அப்பா கேட்கிறார். (மதுரை)

நியாயமான கேள்வி. ‘பி’க்கு அடுத்த ‘சி’ சான்றிதழில் குறைந்தது பி கிரேடும், பட்டப்படிப்பில் 50% மதிப்பெண்ணும் இருந்தால், ராணுவ அதிகாரிக்கான என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது. தகுதிப் பட்டியலில் பெயர் வந்தால் நேராக ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணல், அது ஐந்து நாள், அதில் கழிபவர்களே அதிகம். தேறியவர்களுக்குப் பயிற்சி தரும் ஓ.டி.ஏ. (அதிகாரிகள் பயிற்சி மையம்) நம் பரங்கிமலையிலேயே இருக்கிறது. தமிழ்நாடு காவலர் தேர்விலும் சிறப்பு மதிப்பெண் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை 75% பரேட் வருகை. முதல் வருடம் சனிக்கிழமைப் பரேடுகளைத் தொலைத்தவர்கள்தான் பிறகு தேர்வு எழுத முடியாமல் அழுதார்கள். லேப் இருக்கும் நாளில் முன்கூட்டியே ஓ.டி. கடிதம் (பரேடுக்காக வகுப்புக்கு வராததற்கான அனுமதி) வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பெண்கள் முடி வெட்ட வேண்டுமா? (நாகர்கோவில்)

வேண்டாம். தொப்பியை இடிக்காத மாதிரி இறுக்கமாகக் கொண்டை போட்டு, கறுப்பு வலை மாட்டுங்கள். யூனிஃபார்மோடு பூவும் கொலுசும் கூடாது.