பத்துக் கற்பனை பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். 30 வருஷத்துக்கு மேல சண்டே ஸ்கூல்லயும் திடப்படுத்தல் வகுப்புலயும் பத்துக் கற்பனை, அதாவது தேவன் மோசேகிட்ட குடுத்த பத்துக் கட்டளைய, சொல்லிக்குடுத்த ஆளு நான், போதகர் இல்ல. அது தடை இல்ல, விடுதலைன்னு சொல்றவன். ஒரே ஒரு கண்டிஷன், பைபிள்ல இது வர்ற யாத்திராகமம் 20ம் அதிகாரத்த 3ம் வசனத்துலருந்து ஆரம்பிச்சு கேள்வி கேக்காதீங்க. 2ம் வசனத்துலருந்து வாங்க.

ஐயா, "செய்யாதே செய்யாதே"ன்னு பத்து தடவ சொல்லிட்டு இது விடுதலைன்னா எப்படி?

தம்பி, நான் சொன்ன 2ம் வசனத்த பாருங்க. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." இதுல கட்டளையே இல்ல. யூதர்கள் இதத்தான் பத்துல முதல் வார்த்தையா எண்ணுவாங்க, நாம முன்னுரைன்னு நெனச்சு தாண்டி போயிடுறோம். கூட்டிட்டு வந்தாச்சு, செங்கடல் தாண்டியாச்சு, வனாந்தரத்துல தேவன் குடுத்த மன்னாவும் சாப்பிட்டாச்சு, அதுக்கு அப்புறம்தான் சீனாய் மலை. இதெல்லாம் செஞ்சா உன்ன எகிப்துலருந்து விடுறேன்னு தேவன் பேரம் பேசல, விட்டுட்டுதான் பேசுறாரு. 1563ல ஜெர்மனில ஹைடல்பர்க்ல எழுதின ஞானோபதேச வினாவிடைல மூணு பகுதி உண்டு, மனுஷனோட துயரம், மீட்பு, நன்றி. பத்துக் கற்பனைக்கு விளக்கம் எங்க இருக்குன்னு நெனைக்கிறீங்க? மூணாவதுல, நன்றில. எழுதினவங்க 2ம் வசனத்த ஒழுங்கா படிச்சிருக்காங்க. கட்டுப்பாட்டுலதான் விடுதலைன்னு காட்ட சொல்ற இந்த ரயில் தண்டவாளம், பட்டம் நூலு உதாரணமெல்லாம் நான் சொல்லப்போறதில்ல, பிரசங்கத்துல கேட்டு கேட்டு காது புளிச்சுப்போச்சு.

கற்பனைன்னா கதை விடுறதுதானன்னு என் பொண்ணு கேக்குறா ஐயா.

நல்லா கேட்டா! பழைய தமிழ்ல கற்பனைக்கு கட்டளைன்னும் ஒரு அர்த்தம் உண்டு, நம்ம பைபிள்ல அது தங்கிருச்சு, வெளிய செத்துருச்சு. இப்ப வர்ற மொழிபெயர்ப்புல எல்லாம் கட்டளைன்னுதான் போடுறாங்க. எபிரெயத்துல ரெண்டும் இல்லம்மா, "பத்து வார்த்தைகள்"னு மட்டும்தான்.

நாம நியாயப்பிரமாணத்துக்கு, மோசே குடுத்த சட்டத்துக்கு, கீழ இல்ல கிருபைக்கு கீழ இருக்கோம் பிரதர், ரோமர் 6:14. அப்ப இதெல்லாம் எதுக்கு?

அடுத்த வசனம், 15. "பாவஞ்செய்யலாமா? கூடாதே." அத எழுதின பவுலுக்கு உங்க கேள்வி முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

அன்ப கட்டளை போட்டு வரவைக்க முடியுமா ஐயா? "அன்புகூரு"ன்னா வந்துருமா?

இது கேள்வி. மனசுக்குள்ள பொங்குறதுதான் அன்புன்னா வராது. ஆனா "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" எந்த இடத்துல வருதுன்னு பாருங்க, லேவியராகமம் 19:18. அதே அதிகாரத்துல மேல 9, 10ம் வசனத்துல வயல் ஓரத்த முழுசா அறுக்காத, கீழ விழுந்த திராட்சைய பொறுக்காத, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுருன்னு இருக்கு. 13ல கூலிக்காரன் கூலி விடிய விடிய உன்கிட்ட இருக்கக்கூடாது. 14ல செவிடன திட்டாத, குருடன் முன்னால தடுக்குற எதையும் வைக்காத. இத்தன சொல்லி முடிச்சுட்டு அப்புறம்தான் அன்புகூரு. அப்ப அன்புன்னா என்ன, சாயங்காலம் அவன் கையில காசு இருக்கணும் அவ்வளவுதான், அவன பாத்தா உங்களுக்கு பிடிக்குதா இல்லியாங்கறது அப்புறம். 34ல அந்நியன்கிட்டயும் அன்புகூருன்னு சொல்லி காரணமும் சொல்றாரு, நீங்களும் எகிப்துல அந்நியரா இருந்தீங்களே. பாத்தீங்களா, திரும்ப எகிப்து!

அதே லேவியராகமம் 19:28ல பச்சை குத்தாதன்னு இருக்கே, டாட்டூ போட்டா பாவமா?

முந்தின வசனம் தாடி ஓரத்த சிரைக்காதங்குது. நீங்க இன்னிக்கு ஷேவ் பண்ணீங்களா தம்பி?

நியாயப்பிரமாணம் சிலுவையில முடிஞ்சுபோச்சே, ஏன் திரும்ப நுகத்த மாட்டுறீங்க?

மேல பாருங்க. ரோமர் 6:15.

தசமபாகம் கட்டாயமா?

இன்னிக்கு தலைப்பு அது இல்ல.

எனக்கு பிடிக்காத மாப்பிள்ளைக்கு பேசி முடிச்சிருக்காங்க ஐயா. மாட்டேன்னா 5ம் கற்பனைய மீறுறேன்னு சொல்றாங்க.

அம்மா, "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக". கனம்பண்ணுன்னு இருக்கு. பிள்ளைகளே கீழ்ப்படியுங்கன்னு பவுல் எபேசியர் 6ல எழுதுறாரு, உண்மைதான், ஆனா 4ம் வசனத்துலயே தகப்பன்மாருக்கும் உத்தரவு போடுறாரு, பிள்ளைகள கோபப்படுத்தாதீங்கன்னு. இந்த கற்பனைய இயேசு எதுக்கு எடுத்தாருன்னா, மாற்கு 7ல, பெத்தவங்களுக்கு குடுக்கவேண்டியத கொர்பான், அதாவது காணிக்கைன்னு சொல்லி கைகழுவினவங்கள கண்டிக்க. வயசான காலத்துல அப்பா அம்மாவுக்கு சோறு போடுறதுதான் அங்க விஷயம். யாரு கழுத்துலயும் தாலி ஏத்துறதுக்கு யாரும் இத எடுக்கக்கூடாது. மரியாதையா, தெளிவா மாட்டேன்னு சொல்லலாம், அதுல கனம் குறையாது. தனியா பேச பயமா இருந்தா நம்பிக்கையான ஒருத்தர கூட்டிட்டு போங்க.

ஓய்வுநாள் சனிக்கிழமையா ஞாயிறா?

வந்துருச்சு. (இதுக்கு கீழ ரெண்டு பேரு அரை மணி நேரமா சண்ட போட்டுட்டு இருக்காங்க, ஒருத்தர் ரோம ராஜா கான்ஸ்டன்டைன் கி.பி. 321ல சட்டம் போட்டு ஞாயிறுக்கு மாத்தினான்கிறாரு, இன்னொருத்தர் 2ம் நூற்றாண்டுலயே ஜஸ்டின்ங்கற கிறிஸ்தவ எழுத்தாளர் ஞாயிறு கூடுகைய பத்தி எழுதியிருக்காருங்கிறாரு. ஜஸ்டின் எழுதினதும் நெசம், 321 சட்டமும் நெசம்.) ஆனா ரெண்டு பேருமே ஒண்ண விட்டுட்டீங்க. அந்த சட்டத்துல பட்டணத்துக்காரனுக்குத்தான் லீவு, வயல்ல வேலை செய்றவன் வேலை பாக்கலாம்னு விட்டுட்டாங்க. மோசே சொன்னத பாருங்க, உபாகமம் 5:14ல வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, பரதேசி வரைக்கும் பேரு சொல்லி லீவு. "உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு." ஏன்னு 15ல சொல்றாரு, நீ எகிப்துல அடிமையா இருந்த. செங்கல் அறுத்த ஜனங்க லீவு கேட்டப்ப பார்வோன் என்ன சொன்னான், "நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள்", செங்கலுக்கு குடுத்துட்டிருந்த வைக்கோலையும் நிறுத்திட்டான். அப்படிப்பட்ட ஜனத்துக்கு வாரத்துல ஒரு நாள் வேலை செய்யாதன்னா அது தடையா?

எங்க அம்மா ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு வந்து, கோயில் சேலைய மாத்தி மடிச்சு வச்சுட்டு, பைபிள அலமாரில வச்ச கையோட அருவாமனைய எடுப்பாங்க. ஒரு கிலோ வெங்காயம். நாங்க அஞ்சு பேரும் ஃபேனுக்கு கீழ படுத்துக்கிட்டு பிரசங்கம் நல்லா இருந்துச்சா இல்லியான்னு பேசுவோம், அன்னிக்கு ஓய்வுநாள சொல்ற 4ம் கற்பனைய பத்திதான் பிரசங்கம்னாலும்.

அப்ப சனிக்கிழமதான் சரின்னு ஒத்துக்கிறீங்களா பிரதர்?

நான் என்ன எழுதியிருக்கேன், நீங்க என்ன கேக்குறீங்க?

கிருபைக்கு கீழ இருக்கோமே ஐயா...

15.

அப்ப ஞாயித்துக்கிழம சமைக்கக்கூடாதுங்கிறீங்களா? பிள்ளைங்க பட்டினியா?

சனிக்கிழம ராத்திரி மீன் குழம்பு வச்சுருங்கம்மா, மறுநாள்தான் ருசியே. சோத்த வீட்டுக்காரர் வடிக்கட்டும். கை சுட்டா ஒண்ணும் ஆகிடாது.