மழை பெய்ததும் கொறங்காட்டுப் படலைத் திறக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு 6 ஏக்கர் கொறங்காடு (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) உள்ளது. 3 காங்கயம் மாடுகளும் 20 செம்மறிகளும் அதில் மேய்கின்றன. ஐப்பசி மழையில் புல் துளிர்த்ததும் வேலி வாயிலின் படலைத் திறந்துவிடுகிறோம். ஆனால், மாசி பிறப்பதற்குள் வெறுந்தரை தெரிகிறது. கொழுக்கட்டைப்புல் ஆண்டுக்காண்டு குறைந்து, ஆவாரை மிகுந்துவருகிறது. என்ன செய்வது?
– வாசகர், வெள்ளகோவில்

பதில்: குறை மழையில் இல்லை, படலைத் திறந்த நாளில்தான் இருக்கிறது. மழை பெய்த பத்தாம் நாள் ஒரு கொழுக்கட்டைத் தூரை விரலால் விலக்கிப் பாருங்கள். கருகிய பழைய தாள்களுக்கு நடுவே, அடி வெளுத்தும் நுனி பசுத்தும் நான்கைந்து குருத்துகள் நிற்கும். கோடை முழுவதும் தூரிலும் வேரிலும் காத்துவைத்திருந்த சத்தைச் செலவிட்டு எழுந்த குருத்துகள் அவை. இலை விரிந்து, செலவிட்டதைத் திரும்பச் சேர்ப்பதற்கு முன்பே ஆடு அதைக் கடித்துவிட்டால், மிச்சமுள்ள சத்தைக் கொண்டு தூர் மறுபடியும் துளிர்க்கும். அதையும் கடித்தால் வேர் சுருங்கித் தூர் செத்துவிடும். அது விட்ட இடத்தைக் கால்நடை தொடாத ஆவாரை பிடித்துக்கொள்ளும். உங்கள் நிலத்தில் நடந்திருப்பது இதுதான்.

எனவே, புல் ஒரு சாண் உயரம் வளரும் வரை படலைத் திறக்காதீர்கள். நான்கு விரல் உயரத்துக்குக் கீழே மேய விடாதீர்கள். நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்று மேயும்போது மற்ற இரண்டும் ஓய்வெடுக்கும்படி மாற்றி மாற்றி விடுங்கள். ஊடுவேலிக்குக் கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நடுங்கள். அவை வேர்பிடித்து அடரும் வரை முள் அடைப்பு போதும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கை மட்டும் கதிர் முற்றி விதை உதிரும் வரை மூடிவையுங்கள். வெற்றிடங்களில் விதைப்பதானால் சென்ற ஆண்டு விதையைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் புதிதாக உருவிய விதை உறக்கத்தில் இருப்பதால் சரியாக முளைக்காது.

மழைக்குப் பின் புல் வளரும்வரை படல் மூடியிருக்கும் மூன்று நான்கு வாரங்களுக்கு வாயில்லா ஜீவன்களுக்கு என்ன கொடுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாம் எல்லோரும் சித்திரைக்கென்று தீவனப் போர் போடுகிறோம். ஐப்பசிக்கென்று யாரும் எடுத்துவைப்பதில்லை. மாட்டுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ சோளத்தட்டு, ஆட்டுக்கு முக்கால் கிலோ நிலக்கடலைக் கொடி என்று வைத்தால், உங்களுக்கு 28 நாட்களுக்கு ஏறத்தாழ 500 கிலோ தட்டும் 420 கிலோ கொடியும் வேண்டும். கோடையில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதில் கை வைக்காதீர்கள். கோடைக்கு வெள்வேல மரங்கள் கைகொடுக்கும். உதிரும் காய்களைப் பொறுக்கி உலர்த்தி வைத்துக்கொண்டால் ஆடுகளுக்கு நல்ல சத்துணவு.

மனம் வருந்தும்படி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்து ஆடுகள் ஒரு மாட்டுக்குச் சமம் என்று கொண்டால், உங்களிடம் 7 மாடுகள் மேய்கின்றன. மானாவாரியான 6 ஏக்கர் ஆண்டு முழுவதும் அத்தனையையும் தாங்காது. கிடாய்க் குட்டிகளையும் ஈற்று நின்ற ஆடுகளையும் தை மாதத்திலேயே, உடம்பு தேறியிருக்கும்போதே விற்றுவிடுங்கள். சித்திரையில் ஊரே ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிவரும்போது மெலிந்த ஆட்டுக்கு விலை கிடைக்காது.

கேள்வி: மழைக்குப் பின் பச்சை மேய்ந்த குட்டிகளில் கொழுத்தவையே திடீரென்று துள்ளி விழுந்து இறக்கின்றன. காரணம் என்ன?
– வாசகர், கரூர்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறி துள்ளுமாரி நோயை ஒத்திருக்கிறது. ஆனாலும், இறந்த குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். குடலில் இயல்பாக இருக்கும் ஒருவகை நுண்ணுயிரி, காய்ந்த தீவனத்திலிருந்து இளம்புல்லுக்குத் திடீரென மாறும்போது பெருகி நஞ்சைக் கக்குகிறது. வயிறு நிறைய மேயும் குட்டியே முதலில் பலியாவது அதனால்தான். விழுந்த பிறகு காப்பாற்றுவது அரிது. மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். முதன்முறை போடும் குட்டிகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாம் ஊசியும் தேவை. காலையில் சிறிது உலர்தீவனம் கொடுத்து, பனி காய்ந்த பிறகு, முதல் சில நாட்களுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் மேய விடுங்கள். பனி ஈரத்தில் புல் நுனிக்கு ஏறும் குடற்புழுக்களின் இளம்பருவங்களிடமிருந்தும் ஆடுகள் ஓரளவு தப்பும்.

கேள்வி: மழை பொய்த்ததால் தீவனச் சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கிறது. அறுத்து மாட்டுக்குப் போடலாமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: பச்சையாகப் போடவே கூடாது. இளஞ்சோளத்தில், அதிலும் வறட்சியில் வாடிய பயிரில், சயனைடு நஞ்சு உருவாகும் தன்மை மிகுதி. இடையில் மழை பெய்து புதுத்துளிர் விட்டால் அது இன்னும் ஆபத்தானது. பயிர் பிழைத்துப் பூத்த பிறகு அறுங்கள். பிழைக்காது என்று தெரிந்தால் அறுத்து, பரப்பி, தண்டு ஒடியும் அளவுக்கு வெயிலில் உலர்த்துங்கள். நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடும். பிறகும் மற்றத் தட்டுடன் கலந்து சிறிது சிறிதாகவே கொடுங்கள். தவறிப்போய் மேய்ந்த மாடு மூச்சுத் திணறி நடுங்கினால், வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவரை அழையுங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் அது நிமிடக் கணக்கில் உடம்பில் ஏறியாக வேண்டும்.