கூட்டத்தோடு கோவிந்தா போடும் குரல்கள்

வாசிப்பு கற்பித்தல் குறித்தும் ஆசிரியர்களின் பணித்திறன் குறித்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் ஒரு வட்டாரத்தின் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகவும் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மூன்றாம் வகுப்பில் 24 பிள்ளைகள் படிக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து பாடத்தை வாசிக்கும்போது கணீரென்று, ஒரு பிழையும் இல்லாமல் வாசிக்கிறார்கள். தனியாக எழுப்பி வாசிக்கச் சொன்னால் எட்டு, ஒன்பது பேர் வாயே திறப்பதில்லை. இது கூச்சமா?
– ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: ஓரிருவருக்குக் கூச்சமாக இருக்கலாம், ஒன்பது பேருக்கும் கூச்சம் என்று நான் நம்பமாட்டேன். கூட்டமாக வாசிக்கும்போது, வாசிக்கத் தெரியாத பிள்ளை பக்கத்தில் இருப்பவரின் முதல் அசையைக் காதில் வாங்கிக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அதைத் தன் குரலாக்கிவிடுகிறது. கூட்டத்தோடு கோவிந்தா போடுவது என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தப் பிள்ளை ஏமாற்றுவதாக எண்ண வேண்டாம். வகுப்பு தன்னிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான் என்று அது உண்மையாகவே நம்பிக்கொண்டிருக்கும்.

இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. கூட்டு வாசிப்பின்போது பிள்ளைகளின் வாயைப் பார்க்காமல் விரலைப் பாருங்கள். குரல் மூன்றாம் வரியில் இருக்கும்போது சில விரல்கள் முதல் வரியிலும் சில படத்தின் மீதும் இருக்கும். அடுத்து, பாடத்தில் உள்ள சொற்களையே இடம் மாற்றிப் புதிய வாக்கியமாகக் கரும்பலகையில் எழுதுங்கள். பாடத்தில் 'பாட்டி தோட்டத்தில் பூப் பறித்தாள்' என்று இருந்தால், 'தோட்டத்தில் பாட்டி இல்லை' என்று எழுதிப் பாருங்கள். மனப்பாடமாகச் சொல்பவர்கள் அப்போதும் பூப் பறிப்பார்கள்.

பிறகு, நாளொன்றுக்கு ஐந்து பேர் வீதம் ஒவ்வொருவரையும் உங்கள் அருகில் அமர வைத்து, இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கட்டும். மதிப்பெண் போடாதீர்கள்; பிள்ளை எந்த இடத்தில் நின்றது, நின்ற இடத்தில் என்ன செய்தது என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் ஒன்பது பேரும் ஒரே வகையினர் அல்லர் என்பது அப்போது தெரியவரும். சிலருக்கு எழுத்தே அடையாளம் தெரியாது. சிலருக்கு எழுத்து தெரியும், ஆனால் கூட்டிச் சொல்ல வராது. 'பானா, டானா, இம்மன்னா' என்று எழுத்தின் பெயர்களைச் சரியாகச் சொல்லிவிட்டு, அவற்றிலிருந்து 'படம்' எப்படி வரும் என்று தெரியாமல் விழிப்பார்கள். அவர்களிடம் பெயரை விட்டுவிட்டு 'ப... ட... ம்' என்று ஒலியை நீட்டி, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் காட்டினால் போதும். சிலருக்கு இரண்டே வாரத்தில் பிடிபட்டதை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் சிலருக்குக் கூட்டிச் சொல்லவும் வரும், ஆனால் சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் முதல் பாதி மறந்துபோகும். 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' போன்ற சொற்களில் இவர்கள் மூச்சுத் திணறுவார்கள். இவர்களுக்கு எழுத்துப் பயிற்சி தேவையில்லை. 'விளையாடி', 'கொண்டு', 'இருந்தார்கள்' என்று பொருளுள்ள துண்டுகளாகப் பார்க்கும் பழக்கமும், ஒரே பத்தியை மூன்று, நான்கு முறை வாசிக்கும் வாய்ப்பும் வேண்டும். இத்தனை பேரையும் 'மெல்லக் கற்போர்' என்ற ஒரே பட்டியலில் எழுதி, ஒரே பயிற்சித் தாளைக் கொடுப்பதால்தான் ஆண்டு முடியும்போதும் பட்டியல் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வந்தார்கள்' என்று அச்சிட்டிருப்பதை ஒரு பிள்ளை 'வந்தாங்க' என்று வாசித்தால் உடனே அதட்டித் திருத்திவிடாதீர்கள். எழுத்தைப் பார்த்து, பொருளை உணர்ந்து, அதை வீட்டு மொழியில் சொல்லும் பிள்ளை அது. 'வந்தார்கள்' என்பதை 'வாத்தார்கள்' என்று வாசித்துவிட்டுத் தயங்காமல் மேலே போகும் பிள்ளைதான் கவலைக்குரியது.

கேள்வி: எங்கள் காலத்தில் 247 எழுத்துகளையும் எழுதிப் பழகிய பிறகுதான் சொற்களுக்கு வருவோம். என் பேத்திக்கு நான்கைந்து எழுத்து தெரிந்தவுடனேயே சொல் வாசிக்கக் கொடுக்கிறார்கள். இது அடித்தளம் இல்லாத வீடு அல்லவா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், காரைக்குடி

பதில்: 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்பது இலக்கணக் கணக்கு. குழந்தை அதை 247 தனித்தனிப் பொருள்களாகக் கற்பதில்லை, கற்கவும் வேண்டியதில்லை. 'கா'வில் உள்ள துணைக்காலைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு 'பா', 'மா' ஆகியவை பாதி இலவசம். ட, ப, ம, ர ஆகிய நான்கும் புள்ளியும் தெரிந்தாலே படம், மரம், பட்டம், மடம் என்று உண்மையான சொற்களை வாசிக்கலாம். இத்தனை கோடுகளும் சுழிகளும் எதற்காக என்பது பள்ளிக்கு வந்த சில வாரங்களிலேயே அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடுவது சிறிய லாபம் அல்ல. உங்கள் முறையில் கற்றவர்கள் நன்றாகத்தான் கற்றார்கள். ஆனால் ஔகார வரிசையை எட்டுவதற்குள் பள்ளியை விட்டு நின்றுபோனவர்கள் இன்று இப்படிக் கடிதம் எழுதுவதில்லை என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உழைப்பு தேவைப்படும் இடங்கள் வேறு. உகர, ஊகார வரிசைகளில் எல்லா எழுத்துக்கும் பொதுவான குறி கிடையாது. கு, சு, து, மு என்று வடிவம் மாறிக்கொண்டே போகும். அந்த 36 எழுத்துகளையும் ஏறத்தாழ ஒவ்வொன்றாகவே பழக வேண்டும். அடுத்த தொல்லை கொம்பு. கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாயோ முதலில் மெய்யைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'கொ' என்றால் எழுத்தின் இரு பக்கமும் குறி நிற்கிறது. இங்கே பேத்தி திணறினால் அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர் என்பதால், 'லை', 'னை' ஆகியவற்றைத் தும்பிக்கை வைத்துத்தான் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். அதைப் பேத்திக்கு வேடிக்கையாகக் காட்டுங்கள். வீட்டுப்பாடத்தில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் சில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எழுதுகிறான். இது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடா?
– ஒரு தாய், ஓசூர்

பதில்: எழுதத் தொடங்கும் வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது பலருக்கும் உள்ளதுதான், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அதன் பிறகும், ஒலிகளைக் கூட்டுவதிலும் பழகிய சொற்களை நினைவில் வைப்பதிலும் தொடர்ந்து சிரமம் இருந்தால், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைப் பாருங்கள். அயலார் சொல்லும் பெயரை அவன் காதுபட உச்சரிக்காதீர்கள்.

கேள்வி: என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தடங்கலின்றி வாசிக்கிறார்கள், பாடத்தின் கேள்விகளுக்கும் விடை எழுதுகிறார்கள். ஆனால் கதை என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. விடை மட்டும் எப்படி எழுதுகிறார்கள்?
– ஓர் ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

பதில்: 'டும்பன் மிழுவில் கதிந்தான்.' இந்த வாக்கியத்துக்குப் பொருள் கிடையாது. இப்போது நான் இட்டுக்கட்டியது. ஆனாலும் 'டும்பன் எங்கே கதிந்தான்?' என்று கேட்டால் 'மிழுவில்' என்று நீங்கள் சரியாக எழுதிவிடுவீர்கள். வேற்றுமை உருபு விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. யார், எங்கே, எப்போது என்று மட்டும் கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளைகள் இப்படித்தான் விடை எழுதுகிறார்கள்.

1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள், வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வரும் விடை என்று விளக்கினார்கள். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று சுழியமானால் விடையும் சுழியம்தான். உங்கள் பிள்ளைகளிடம் முதல் எண் இருக்கிறது. இரண்டாவதற்கு, புத்தகம் திறக்கும் முன் பாடப்பொருள் பற்றிப் பேச வேண்டும். அமெரிக்காவில் 1988இல் வெளியான ஓர் ஆய்வில், வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் ஆட்டத்தை நன்கறிந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் அந்த ஆட்டத்தை அறியாதவர்களைவிட அதைப் பற்றிய ஒரு பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டதை ரெக்ட், லெஸ்லி ஆகியோர் காட்டினார்கள். நாற்றங்காலைக் கண்டிராத நகரத்துப் பிள்ளைக்கு நடவு பற்றிய பாடம் டும்பன் கதையாகத்தான் இருக்கும்.

கேள்வி: நான் புதிதாக ஆசிரியர் பயிற்றுநராகப் பொறுப்பேற்றவன். 25 ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியைகளின் வகுப்புக்குள் நுழையவே தயக்கமாக இருக்கிறது. 'எங்களுக்கு நீங்கள் என்ன சொல்லித் தரப் போகிறீர்கள்' என்பதை அவர்கள் வாயால் சொல்லவில்லையே தவிர, முகத்தில் எழுதியிருக்கிறது.
– பெயர் வேண்டாம் என்று கேட்டவர்

பதில்: அந்த முகக்குறிப்பு நியாயமானது என்று ஏற்றுக்கொள்வதிலிருந்து தொடங்குங்கள்.

என் முதல் ஆண்டில், ஓர் ஈராசிரியர் பள்ளியில் படிவத்தோடு கடைசி வரிசையில் அமர்ந்து, முக்கால் மணி நேரம் கட்டங்களில் குறியிட்டுவிட்டு, பார்வைப் பதிவேட்டில் ஐந்து குறைகளை வரிசையாக எழுதிக் கையொப்பமிட்டு வந்தேன். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் போனபோது ஐந்தும் சரிசெய்யப்பட்டிருந்தன. எனக்குப் பெருமிதமாக இருந்தது. மதிய உணவு நேரத்தில் ஒரு சிறுமி, 'சார், நீங்க வந்தா மட்டும்தான் டீச்சர் அந்த அட்டையெல்லாம் எடுப்பாங்க' என்றாள். குறைகளை எழுதிய என்னால் அந்த வகுப்பில் நடந்த மாற்றம் அவ்வளவுதான்.

அதன் பிறகு படிவத்தைப் பையிலேயே வைத்துவிட்டு, 'உங்களுக்குக் கவலை தரும் ஒரு பிள்ளையைக் காட்டுங்கள்' என்று மட்டும் கேட்டேன். அவர் காட்டிய பையனோடு தரையில் அமர்ந்து, அவரையும் அருகில் வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். அவன் தடுமாறியது எதனால் என்று நான் ஒரு காரணம் சொன்னேன், அவர் வேறொன்று சொன்னார்; அவர் சொன்னதே சரியாக இருந்தது. பிறகு ஒருநாள் அதே வகுப்பில் நான் மாதிரி வகுப்பு எடுத்தேன். 15 நிமிடங்களில் வகுப்பு என் கையை விட்டுப் போய்விட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். அடுத்த முறை என்னை எப்போது வருவீர்கள் என்று முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான்.

ஆகவே, தோற்கத் தயாராகச் செல்லுங்கள். ஒரு வருகையில் ஒரு மாற்றத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். அதுவும் அவர் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். சொன்ன நாளில் திரும்பிப் போங்கள். வகுப்பில் பார்த்ததை வட்டாரக் கல்வி அலுவலரிடம் பேச்சுவாக்கில்கூடச் சொல்லாதீர்கள், ஏனெனில் துணைவராக வருபவர் கண்காணிப்பவராகவும் இருக்கிறார் என்ற ஐயம் ஒருமுறை விழுந்துவிட்டால் ஆண்டுகள் ஆனாலும் அது நீங்காது. எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளத்துக்கான பதிவுகளும் புள்ளிவிவரங்களும் கேட்டு வரும் அழைப்புகள் உங்கள் நாளைத் தின்றுவிடும் என்பதும் எனக்குத் தெரியும். பயிற்றுநர் பணியை உண்மையில் குலைப்பது ஆசிரியர்களின் முகக்குறிப்பைவிட இதுதான் என்பது என் கருத்து. வாரத்தில் ஒரு நாளையாவது வகுப்பறைக்கென்று பிடிவாதமாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 28 ஆண்டுகளாகப் பயிற்சிகளில் அமர்ந்திருக்கிறேன். திட்டத்தின் பெயர் மாறுகிறது, அட்டையின் நிறம் மாறுகிறது, வகுப்பு மாறவில்லை. இந்தப் பயிற்சிகளால் என்ன பயன்?
– தலைமையாசிரியர், தென்காசி மாவட்டம்

பதில்: உங்கள் சலிப்பில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய, அட்டைகளைக் கொண்டு பிள்ளைகள் படிப்படியாகத் தாமே கற்கும் செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறலாம் என்ற அதன் அடிப்படை எண்ணம், கொரோனா கால இழப்புக்குப் பின் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையைக் குறிக்கும் அரும்பு, மொட்டு, மலர் பிரிவுகளிலும் இருக்கிறது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்பதை நம் ஆசிரியர்கள் இன்று விவாதமின்றி ஒப்புக்கொள்வதே ஒரு மாற்றம்தான்.

பயிற்சி வகுப்புக்குள் வந்து சேராததற்குக் காரணம் வேறு. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களிலேயே இதை எழுதினார்கள்: விளக்கிச் சொல்வதும் செய்து காட்டுவதும் ஆசிரியருக்கு அறிவைத் தரும், ஆனால் அவர் தன் வகுப்பில் செய்து பார்க்கும்போது ஒருவர் கூடவே இருந்து உதவாவிட்டால், கற்றதில் மிகச் சிறிய பகுதியே வகுப்பறையில் நிலைக்கும். 40 பேர் அமர்ந்த பயிற்சிக் கூடத்தில் 'புரிந்ததா?' என்று கருத்தாளர் கேட்கிறார், எல்லோரும் 'புரிந்தது' என்கிறார்கள். திருவாரூர் ஆசிரியையின் வகுப்பில் கேட்ட அதே கோவிந்தாதான் அங்கும் கேட்கிறது.

கூடவே இருக்க ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வாசிப்புப் பாடம் எடுக்கும்போது, உங்கள் கைபேசியில் பத்து நிமிடம் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரு பிள்ளை தயங்கி நின்றதற்கும் நீங்கள் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்ததற்கும் இடையில் எத்தனை வினாடி என்று எண்ணிப் பாருங்கள். வினா கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருப்பதையும், அது மூன்று வினாடியானால் மாணவர்கள் இன்னும் விரிவாகப் பதில் சொல்வதையும் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். என் பதிவை நான் முதன்முதலில் கேட்டபோது, பத்தில் ஒன்பது இடங்களில் பிள்ளை வாய் திறப்பதற்குள் சொல்லை நானே சொல்லியிருந்தேன். அந்தப் பதிவை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எண்ணி முடித்ததும் அழித்துவிடலாம்.