கேளுங்க அக்கா: ராத்திரி முழுக்கக் காவல்

கேள்வி: அக்கா, கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து தென்னாப்பிரிக்கா டர்பனிலுள்ள சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவள் நான். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட். ராத்திரி நானும் மாமியாரும் பிள்ளைகளும்தான். தெருக்காவல் வாட்ஸ்அப் குழுவில் நடுராத்திரி 2 மணிக்குக்கூட 'வெள்ளைக் கார் ஒன்று சுற்றுகிறது' என்று செய்தி வரும். உடனே எழுந்து கேட், பின்கதவு எல்லாம் பார்ப்பேன், திரும்பப் படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி தன் தூக்க மாத்திரையில் பாதி தருகிறேன் என்கிறார். மாத்திரை இல்லாமல் நானாக ஏதாவது செய்ய முடியுமா?
வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அந்தப் பாதி மாத்திரையை முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தங்கச்சி. அது ஆன்ட்டியின் உடம்பைப் பார்த்து எழுதிக் கொடுத்தது. தூக்க மாத்திரைகளில் பல, சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும், அப்புறம் அது இல்லாமல் கண் மூடாது.

'சும்மா பயப்படாதே' என்று நான் சொல்லப் போவதில்லை. டர்பனில் கதவைப் பூட்டிவிட்டுப் படுப்பது வியாதி இல்லை, புத்திசாலித்தனம். ஆனால் ஒரு தடவை பூட்டுவது வேறு, ஐந்தாவது தடவை எழுந்து போய்ப் பார்ப்பது வேறு. திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க நிம்மதி வராது, 'நிஜமாகவே பூட்டினேனா' என்ற சந்தேகம்தான் கூடும், ஏனென்றால் நேற்றுப் பார்த்ததும் இப்போது பார்த்ததும் மனசில் ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் ராத்திரி 9 மணிக்கு நிதானமாக ஒரே ஒரு சுற்று வாருங்கள். செக்யூரிட்டி கேட்டின் பூட்டைக் கையால் இழுத்துப் பாருங்கள், 'பின்கதவு பூட்டியாச்சு' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். அதோடு சரி. முதல் சில ராத்திரி எழுந்து போகக் கால் துடிக்கும், எழாமல் கிடந்தால் அந்தத் துடிப்பு தானாக இறங்கும்.

அடுத்தது அந்த வாட்ஸ்அப் குழு. நல்ல எண்ணத்தில் நடத்துகிறார்கள், மறுக்கவில்லை, ஆனால் மூன்று தெரு தள்ளிப் போகும் வெள்ளைக் காருக்கு நீங்கள் படுக்கையில் கிடந்து என்ன செய்ய முடியும்? ராத்திரிக்கு அதை மியூட் செய்துவிட்டு, வீட்டுக்காரர், பக்கத்து வீட்டார், செக்யூரிட்டிக் கம்பெனி இவர்களுடைய அழைப்புக்கு மட்டும் போன் ஒலிக்கும்படி வையுங்கள். போன் அறைக்குள்ளேயே இருக்கட்டும், கைக்கு எட்டாத இடத்தில்.

நெஞ்சு அடிப்பது அட்ரினலின் செய்யும் வேலை. ஆபத்து என்று மூளை நினைத்ததும் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது, ஓட இடமில்லாமல் கட்டிலில் கிடப்பதால் அந்தச் சத்தம் நமக்கே கேட்கிறது. மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிஷம். விடும் மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு தணியும். பகலில் பழகிக்கொள்ளுங்கள், ராத்திரி 2 மணிக்குப் புதிதாகத் தொடங்கினால் எண்ணிக்கைதான் குழம்பும். 20 நிமிஷம் போலாகியும் தூக்கம் வரவில்லையென்றால் படுக்கையை விட்டு எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சுவாரஸ்யமே இல்லாத வேலை ஏதாவது பாருங்கள். மாமியார் சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது எனக்குத் தெரிந்து இதற்கு மிகப் பொருத்தம்! கதவுப் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பால் டீ குடிப்பீர்கள் என்று நினைக்கிறேன், இங்கே எந்த வீட்டில்தான் இல்லை. 8 மணிக்குக் குடித்த டீயிலுள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி 1 மணிக்கும் உடம்பில் இருக்கும். அந்த ஒரு வேளைக்கு ரூய்பாஸ் மூலிகை டீ போடுங்கள், அதில் கஃபீன் கிடையாது.

மூன்று நான்கு வாரத்தில் குறையவில்லை, பகலிலும் பயம் பிடிக்கிறது என்றால் கிளினிக்கில் சொல்லி மனநல ஆலோசகரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவுகிற சடாக் அமைப்பும் இலவசமாகத் தொலைபேசியில் பேசுகிறார்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் அவர்களுடைய 0800 567 567 எண்ணுக்கு அடியுங்கள்.

கேள்வி: காவடிக்கு 10 நாள் விரதம் இருக்கும்போது மனசு அமைதியாக இருக்கிறது. முடிந்து ஒரு வாரத்தில் பழையபடி டென்ஷன், எரிச்சல். முருகன் கைவிட்டாரா?
வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: முருகனை விடுங்கள் தம்பி, அந்த 10 நாள் நீங்கள் என்னென்ன செய்யவில்லை என்று பாருங்கள். பிராந்தி இல்லை, சாயங்காலமானால் கோயிலில் நாலு பேரோடு உட்கார்ந்து பஜனை, நேரத்துக்குத் தூக்கம். குடி அந்த நேரத்துக்கு மனசைத் தளர்த்தும், இறங்கும்போது பதற்றத்தைக் கூட்டிவிட்டுப் போகும், அதிகாலை 3 மணிக்கு எழுப்பியும் விடும். விரதம் முடிந்ததும் பிராந்தியைத் தொடாதீர்கள், வெள்ளிக்கிழமை பஜனையை விடாதீர்கள். ஒன்று மட்டும், தினமும் நிறையக் குடிக்கிறவராக இருந்தால் விரதத்துக்கென்று ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.