தமிழ் சமையல் தளம் தொடங்கப் போகிறேன். எந்தக் கீவேர்டு டூலுக்குப் பணம் கட்டலாம்?

மக்கள் எந்த வார்த்தையை எவ்வளவு தேடுகிறார்கள் என்று கணித்துக் காட்டும் இந்தக் கீவேர்டு டூல்கள் எதற்கும் இப்போதைக்குக் கட்டாதீர்கள். தளம் இன்னும் தொடங்கவில்லை, கையில் பத்துப் பதிவுகூட இருக்காது என்று நினைத்துத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு அஹ்ரெப்ஸ், செம்ரஷ் எல்லாம் நல்ல கருவிகள்தான். அவற்றைக் குறை சொல்லிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தமிழ் என்று வரும்போது நிலைமை வேறு.

நான் மாடித்தோட்டம் பற்றி ஒரு தளம் நடத்துகிறேன். செம்பருத்தியில் வரும் மாவுப்பூச்சி பற்றி விரிவாக எழுத நினைத்தபோது, எஸ்இஓ, அதாவது கூகுள் தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை, செய்து தருவதாக வந்த ஒரு நிறுவனத்தார் டூலைத் திறந்து காட்டி, "இதுக்கு மாதத் தேடலே பூஜ்யம் சார், விட்டுடுங்க" என்றார்கள். நான் விடவில்லை. எங்கள் தெருவிலேயே பாதிச் செடிகள் அந்தப் பூச்சியால் சுருண்டு கிடந்தன. மருந்து கேட்டு எனக்கு ஃபோன் வந்துகொண்டே இருந்தது. எழுதினேன். இன்றுவரை என் தளத்தில் அதிகம் படிக்கப்படுவது அந்தப் பதிவுதான்.

எதைத் தேடி நம் தளத்துக்கு வந்தார்கள் என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில் காரணம் தெரிந்தது. மாவுப்பூச்சி என்று தேடி வந்தவர்கள் கொஞ்சம் பேர். 'செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி', 'செம்பருத்தி இலை சுருங்குது', 'செம்பருத்தி மொட்டு கொட்டுது' என்று கேட்டு வந்தவர்கள்தான் பெரும்பாலோர். அதையே ஆங்கில எழுத்தில் தட்டியவர்கள் இன்னொரு பக்கம், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஒரே சந்தேகம் இப்படிப் பலவாகச் சிதறும்போது ஒவ்வொன்றுக்கும் டூல் பூஜ்யம் காட்டிவிடுகிறது. தேட ஆளே இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

கூகுளின் கீவேர்டு பிளானர் இலவசம்தான், பாருங்கள். ஆனால் விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குக்கு மாதத் தேடலை 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று குத்துமதிப்பாகத்தான் காட்டும். அதில் 'போட்டி' என்றும் ஒரு விவரம் வரும். அது விளம்பரம் கொடுப்பவர்களுக்குள் நடக்கிற போட்டி. நம் பதிவு முதல் பக்கத்துக்கு வருவது சுலபமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதுகூடத் தெரியாமல் 'லோ காம்படிஷன்' பட்டியல் போட்டுக் காசு வாங்குகிறார்கள். பக்கத்தின் நிரலுக்குள் கீவேர்டுகளைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்டு டேகைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது, அதை நிரப்பித் தருவதற்கும் இன்னும் கட்டணம் கேட்கிறார்கள். வயிறு எரிகிறது.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருக்கிறது. அந்த மாவுப்பூச்சிப் பதிவை ஒரு யூடியூப் சேனலில் வரிக்கு வரி வாசித்தார்கள். என் மாடியில் நான் எடுத்த படத்தின் மேலேயே தங்கள் பெயரைப் போட்டிருந்தார்கள். தமிழில் எழுதினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? ஒரு நன்றிகூடக் கிடையாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கூகுள் தேடல் பெட்டியில் 'இட்லி மாவு' என்று தட்டி, கீழே வரும் பரிந்துரைகளை எழுதி வையுங்கள். அம்மாவிடமும் அக்கம்பக்கத்திலும் என்ன சந்தேகம் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த வார்த்தைகளிலேயே தலைப்பு வையுங்கள். கூகுள் ட்ரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையான எண் தேடல் எண்ணிக்கை இல்லை, வெறும் ஒப்பீடுதான். ஆனாலும் தீபாவளிப் பலகாரத்துக்குத் தேடல் எப்போது ஏறத் தொடங்குகிறது என்று பார்க்க அது போதும். தளம் தொடங்கிய அன்றே சர்ச் கன்சோலில் இணைத்துவிடுங்கள். 16 மாதத் தரவு அதில் இருக்கும் என்பதால், அடுத்த தீபாவளிக்கு எழுதும்போது போன தீபாவளிக்கு எதைத் தேடி வந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.