ஒன்லைன் விற்பனைக்கு பிரீலான்சரா, சம்பளத்துக்கு ஒருவரா?

வெள்ளவத்தையில் புடவைக் கடை வைத்திருக்கிறீர்கள். படங்களைத் திருத்தவும் வாட்ஸ்அப் ஓடர்களைக் கவனிக்கவும் பிரீலான்சரைப் பிடிப்பதா, யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்தே வேலைசெய்ய ஒருவரைச் சம்பளத்துக்கு எடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால், இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கட்டாதீர்கள்.

படம் திருத்துவது எண்ணிக் கொடுக்கக்கூடிய வேலை. படத்துக்கு இவ்வளவு என்று பேசி பிரீலான்சரிடம் விடலாம். ஓடர் அப்படியில்லை. "அக்கா, இதில மெரூன் கரை இருக்கா?" என்று இரவு எட்டு மணிக்குக் கேட்பவருக்கு, உங்கள் ஸ்டொக் தெரிந்தவர்தான் பதில் சொல்லவேண்டும். நானும் முதலில் பிரீலான்சரைப் போட்டுப் பட்டவன்தான். ஆள் கெட்டிக்காரர், ஆனால் அவருக்கு இன்னும் நாலு வாடிக்கையாளர்கள். தீபாவளிக்கு முந்தின கிழமை எல்லோருக்குமே அவசரம். என் மெசேஜுக்கு நீலச் சரி விழவேயில்லை.

செலவு பார்க்கும்போது சம்பளத்தோடு நிற்காதீர்கள். 60,000 ரூபா என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12%, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3%, ஆக மேலதிகமாக 9,000 ரூபா. (அவருடைய 8% சம்பளத்தில் கழியும்.) வீட்டிலிருந்து வேலை என்பதால் இது இல்லாமல் போகாது. ஒன்பதிலிருந்து ஐந்து வரை உங்கள் சொற்படி வேலைசெய்பவரைக் காகிதத்தில் 'பிரீலான்சர்' என்று எழுதித் தப்பவும் பார்க்காதீர்கள். தகராறு என்று வந்தால் பெயரை அல்ல, வேலை நடந்த விதத்தைத்தான் பார்ப்பார்கள்.

யாரை எடுத்தாலும் பேஸ்புக் பக்கத்தின் அட்மின் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.