'லேட் ப்ளூமர்' என்றால் என்ன? அது மந்தபுத்தியா?

படிப்பிலும் பழக்கத்திலும் மற்ற பிள்ளைகளுக்குச் சில வருஷம் பின்னால் வந்து, அப்புறம் நன்றாகவே தேறிவிடுகிறவர்களைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். இது நோயின் பெயர் இல்லை, மந்தபுத்தியும் இல்லை.

மூளை எல்லாருக்கும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. திட்டமிடுவது, பொறுமையாக உட்கார்வது, நாலு பேர் நடுவில் நிதானமாகப் பேசுவது எல்லாவற்றுக்கும் முக்கியமான மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகிறது. நாமோ 15 வயதில், பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

திசையன்விளைப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டில் நிற்கும் பனையைப் பாருங்கள். விதைத்ததும் முளை மேலே வராது, மண்ணுக்குள்தான் இறங்கும். வருஷக்கணக்கில் வெறும் ஓலைதான் தெரியும். பதநீர் இறக்கப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. சின்ன ஊரில் ஐந்தாம் வகுப்பில் 'மக்கு' என்று பெயர் வாங்கினால் பெட்டிக்கடை வரை அது தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே யோசிக்கும். அதே பிள்ளை பாளையங்கோட்டையில் கல்லூரிக்கு வந்தால் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. முதல் வருஷம் கடைசி பெஞ்சு, ரெண்டாம் வருஷம் ஹாஸ்டலில் நாலு சிநேகிதம், அப்புறம் மேடையேறிப் பேசும்.

சரி, அப்படியென்றால் சும்மா விட்டால் தானாகத் தேறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: கரும்பலகை தெரியாதது, காது மந்தம், வளர்ந்த பிறகும் எழுத்து மாறிப் படிப்பது போன்றவை காத்திருந்தால் சரியாகாது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.